பிரிட்டிஷ் பள்ளிகளின் பாலியல் கல்வி பற்றிய பரபரப்புச் செய்திகள்: படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாலியல் பற்றி என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது அந்நாட்டின் டேப்லாய்டு எனப்படும் பரபரப்புப் பத்திரிகைகளுக்கு நாற்பது ஆண்டுகளாக வற்றாத சரக்கு. காலையில் அச்சாகும் தலைப்பு மாலைக்குள் லண்டன் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் வந்து சேர்வது பெரும்பாலும் தலைப்பு மட்டுமே. செய்தியின் அடிப்பகுதியில் பள்ளி தந்திருக்கும் மறுப்பும், கல்வித் துறையின் இரண்டு வரி விளக்கமும் கூடவே வருவதில்லை. பிள்ளையின் பள்ளியோடு சண்டைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மிக எளியவை: இது எந்த ஊரில் நடந்தது, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடத்தில்? பரபரப்புச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் மங்கலாக்கித்தான் பரபரப்பைப் பெறுகின்றன.

முதல் தவறு, ‘பிரிட்டிஷ் பள்ளிகள்’ என்ற சொல்லை நம்புவது. கல்வியைப் பொறுத்தவரை அப்படி ஒரே அமைப்பு கிடையாது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளிகளில் உறவுக் கல்வியும் (நட்பு, குடும்பம் போன்றவை பற்றியது), இடைநிலைப் பள்ளிகளில் உறவு மற்றும் பாலியல் கல்வியும் கட்டாயம். வேல்ஸ் தனக்கென்று தனிப் பாடத்திட்டம் வகுத்து 2022 செப்டம்பரில் அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஸ்காட்லாந்து வழிகாட்டு நெறிகளைக் கொண்டு நடத்துகிறது. வட அயர்லாந்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே வேல்ஸின் கார்டிஃப் நகரின் செய்தியைப் படித்துவிட்டு லண்டனின் ஹாரோவில் தலைமையாசிரியரைக் கேள்வி கேட்பதில் பயனில்லை.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023 பிப்ரவரியில் வந்த மான் தீவுச் செய்தியே போதும். அங்குள்ள ஒரு பள்ளியில், பெண்வேடமிட்டு மேடையேறும் டிராக் கலைஞர் ஒருவர் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, எழுபதுக்கு மேற்பட்ட பாலினங்கள் உண்டு என்று சொன்னதாக லண்டன் பத்திரிகைகள் எழுதின. அதிலிருந்து சில வாரங்களில், மார்ச் 8 அன்று, கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் மிரியம் கேட்ஸ் பிரதமர் கேள்வி நேரத்தில் எழுந்து, வாய்வழிப் பாலுறவு, துணைவரின் கழுத்தைப் பாதுகாப்பாக நெரிப்பது எப்படி, 72 பாலினங்கள் ஆகியவைதாம் பிரிட்டிஷ் பள்ளிகளில் பாலியல் கல்வி என்ற பெயரில் நடக்கின்றன என்றார். வழிகாட்டு நெறிகளின் மறுஆய்வை முன்கூட்டியே நடத்தச் சொல்லியிருப்பதாகப் பிரதமர் ரிஷி சுனக் பதிலளித்தார். மான் தீவு அரசு அமைத்த சுயேச்சை விசாரணையோ, அந்தச் செய்தியின் மையக் கூற்றுகள் துல்லியமற்றவை என்று பின்னர் அறிவித்தது. டிராக் கலைஞர் பாடம் நடத்தவில்லை. இதற்கெல்லாம் மேலாக, மான் தீவு ஐக்கிய இராச்சியத்தின் பகுதியே அன்று. அது முடியாட்சியின் சார்புப் பகுதி. தனக்கென நாடாளுமன்றமும் கல்விச் சட்டமும் கொண்டது. அங்கே என்னதான் நடந்திருந்தாலும் அது இங்கிலாந்தின் வழிகாட்டு நெறிகளால் விளைந்ததாக இருக்க முடியாது. இந்தச் சிறு புவியியல் உண்மையைச் செய்தியில் தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்து வருவது உறவுக் கல்வியையும் பாலியல் கல்வியையும் ஒன்றாகக் கருதும் தவறு. 2008இல் தொழிற்கட்சி அரசு இப்பாடத்தை ஐந்து வயதிலிருந்து கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தபோது, ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பாலுறவுப் பாடம் என்ற பொருளில் தலைப்புகள் வந்தன. அந்த வயதுக்கு உரியவையாக முன்வைக்கப்பட்டவை உடலுறுப்புகளின் பெயர்கள், நட்பு, குடும்பம் போன்றவை. இன்றும் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் பாடத்துக்கு அப்பாற்பட்ட பாலியல் கல்வி கட்டாயமில்லை. நடத்துவதா வேண்டாமா என்பது பள்ளியின் முடிவு. 2019இல் பர்மிங்ஹாம் நகரின் தொடக்கப் பள்ளி ஒன்றின் வாசலில் பெற்றோர் மாதக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் மூலமும் இந்தக் குழப்பம்தான். ஒருபாலினப் பெற்றோர் கொண்ட குடும்பங்களும் உண்டு என்று கதைப்புத்தகம் வழியே சொல்லப்பட்டதே, பாலுறவு கற்பிக்கப்படுகிறது என்று தெருவில் உருமாறியது. அந்த நவம்பரில் பள்ளி வாசலில் போராடத் தடை விதித்த உயர் நீதிமன்ற நீதிபதி, அங்கு கற்பிக்கப்படுவது தவறாகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பில் குறிப்பிட்டார்.

ஒரு புத்தகம் எங்கோ இருக்கிறது என்றால் அது வகுப்பில் பாடமாகிறது என்று பொருள் கொள்வதும் பழைய தவறுதான். 1986இல் ‘தி சன்’ நாளிதழ், தந்தையும் அவருடைய ஆண் துணைவரும் வளர்க்கும் சிறுமியைப் பற்றிய டேனிஷ் குழந்தைகள் நூல் ஒன்று பள்ளியில் புழங்குவதாக ஆர்ப்பாட்டமாக வெளியிட்டது. அந்நூலின் ஒரு பிரதி லண்டன் உட்பகுதிக் கல்வி ஆணையத்தின் ஆசிரியர் மையம் ஒன்றில் ஆசிரியர்களின் பார்வைக்காக வைக்கப்பட்டிருந்தது. செய்தி அங்கிருந்து கிளம்பியதுதான். ஆனால் அந்தக் கூச்சல் 1988ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வரை போயிற்று. உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலீர்ப்பை ‘ஊக்குவிக்கக்’ கூடாது என்றது அப்பிரிவு. சட்டப்படி அது ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அஞ்சிய ஆசிரியர்கள் அந்தப் பொருளையே வகுப்பில் தொடவில்லை. ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அது நீக்கப்பட்டது. ஒரு தலைப்பின் ஆயுள் ஒரு நாள்தான் என்று சொல்பவர்கள் இந்தப் பதினைந்து ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

பிரிட்டிஷ் தலைப்புகளில் வரும் ஒற்றை மேற்கோள் குறியையும் கவனிக்க வேண்டும். அக்குறிக்குள் இருப்பது யாரோ ஒருவரின் கூற்று. பத்திரிகை அதன் உண்மைக்குப் பொறுப்பேற்கவில்லை என்பதே அதன் பொருள். தமிழில் பகிரும்போது முதலில் உதிர்வது இந்தக் குறிதான். அதேபோல வரைவு என்ற சொல்லும் உதிர்ந்துவிடும். 2024 மே மாதம் ஒன்பது வயதுக்கு முன் பாலியல் கல்விக்குத் தடை என்று செய்தி வந்தது. வந்தது கருத்துக் கேட்புக்கான வரைவு மட்டுமே. ஜூலையில் ஆட்சி மாறியது. 2025 ஜூலையில் வெளியான இறுதி வழிகாட்டு நெறிகள் 2026 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது. அவற்றில் அந்தக் கறாரான வயது வரம்புகள் இடம்பெறவில்லை. பழைய தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் நடைமுறைக்கே வராத வரைவை மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பார்.

ஒலிப்பதிவு கையில் இருக்கிறது, ஆகவே செய்தி உண்மை என்பது இன்னொரு நம்பிக்கை. 2023 ஜூனில் கிழக்கு சஸ்ஸெக்ஸ் பள்ளியொன்றில் பாலின அடையாளம் பற்றி நடந்து மாணவர் பதிவுசெய்த வகுப்பறை வாக்குவாதம் வெளியானது. ஆசிரியர் கடிந்து பேசியது பதிவில் தெளிவாகவே இருந்தது. பத்திரிகைகள் அதைத் தாண்டி, பள்ளியில் ஒரு பிள்ளை தன்னைப் பூனையாகக் கருதுகிறது என்று கொண்டுபோயின. அப்படி யாரும் இல்லை என்று பள்ளி தெளிவுபடுத்தியது. அமைச்சர் கேட்டுக்கொண்டதன் பேரில் திடீர் ஆய்வு நடத்திய, இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டும் கவலைக்குரிய எதையும் காணவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லாம் பத்திரிகைகளின் கட்டுக்கதை என்று எதிர்ப்பக்கம் சாய்வது அதே அளவு தவறு. வெளி நிறுவனங்கள் தயாரித்த பாடப் பொருள்களைக் காப்புரிமை ஒப்பந்தத்தைக் காரணம் காட்டிப் பெற்றோருக்குக் காட்ட மறுத்த பள்ளிகள் உண்மையிலேயே இருந்தன. அப்படி மறுக்கலாகாது என்று 2023 அக்டோபரில் கல்வி அமைச்சர் ஜில்லியன் கீகன் பள்ளிகளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மறுபுறம், 2021இல் ஆஃப்ஸ்டெட் 32 பள்ளி, கல்லூரிகளுக்குச் சென்று 900க்கு மேற்பட்ட மாணவர்களிடம் பேசியபோது, இப்பாடம் அளவுக்கு மீறிப் போகிறது என்பது அவர்களுடைய குறையாக இல்லை. போதாமல், காலம் தாழ்ந்து வருகிறது என்பதே குறை. கேட்காமல் அனுப்பப்படும் ஆபாசப் படங்களைப் பற்றிப் பெண்பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் சொன்னார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18 வயதுக்குட்பட்டோரின் கருத்தரிப்பு விகிதம் 1998இல் ஆயிரத்துக்கு 47 ஆக இருந்து 2020இல் 13 ஆகக் குறைந்தது. இந்த இறக்கத்துக்குப் பாலியல் கல்வி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று வாதிடுபவர் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, தலைப்பைப் பார்த்த வேகத்தில் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிவிடலாம் என்று எண்ணுவது. இங்கிலாந்தில் பெற்றோர் விலக்கக் கோர முடிவது பாலியல் கல்விப் பகுதியிலிருந்து மட்டுமே. உறவுக் கல்வியிலிருந்தோ அறிவியல் பாடத்தில் வரும் இனப்பெருக்கம், பருவமடைதல் ஆகியவற்றிலிருந்தோ அன்று. பிள்ளைக்கு 16 வயது நிறைய மூன்று கல்விப் பருவங்கள் (டெர்ம்) இருக்கும்போது, தானே வகுப்பில் சேர விரும்பினால் பள்ளி அதற்கு வழிசெய்ய வேண்டும். வேல்ஸில் புதிய பாடத்திட்டத்தின் கீழ் விலக்கும் உரிமையே இல்லை. அதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. எனவே முதலில் கேட்க வேண்டியது பள்ளியின் எழுத்துப்பூர்வக் கொள்கையை; அதை இணையதளத்தில் வெளியிடுவது இங்கிலாந்துப் பள்ளிகளின் கடமை. அதற்கடுத்து, அந்தப் பருவத்தில் பயன்படுத்தப்படும் பாடப் பொருள்களைக் காட்டச் சொல்ல வேண்டும். செய்தியே தவறென்று தெரிந்தால், 2014இல் அமைந்த பத்திரிகைத் தரக் கண்காணிப்பு அமைப்பான இப்ஸோவிடம் துல்லியம் பற்றிய முதல் விதியின் கீழ் முறையிடலாம். ‘தி சன்’, ‘டெய்லி மெயில்’, ‘டெலிகிராஃப்’ மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டவை, ‘கார்டியன்’ அதில் சேரவில்லை.