மூளையோட பாகங்கள குழந்தைங்களுக்கு எப்படி சொல்லிக்குடுக்கறது

மொதல்ல படத்த காட்டி பேர மனப்பாடம் பண்ண சொல்லாதீங்க. 1.3, 1.4 கிலோ சப்பாத்தி மாவு உருண்டைய குழந்தை கைல குடுத்து, பெரியவங்க மூளை கிட்டத்தட்ட இந்த வெயிட்தான்னு சொல்லுங்க, கண்ணு விரியும் பாருங்க.

அப்புறம் பாகத்த உடம்பால காட்டணும். பின்மண்டைய தொட்டுக்காட்டி, கண்ணு முன்னாடி இருந்தாலும் பாத்தத புரிஞ்சுக்கற வேலை இங்கதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க, நம்பவே மாட்டாங்க. அதுக்கு கீழ கழுத்துகிட்ட சிறுமூளை. இதுக்கு ஒத்தக்கால்ல நிக்க வைங்க (செவுத்து பக்கமா, நீங்க கூடவே நின்னு), கண்ண மூடச் சொல்லுங்க. என் பொண்ணு நின்னப்போ கணுக்கால் துடிச்சு துடிச்சு இப்படியும் அப்படியும் ஆடுச்சு, ஒவ்வொரு ஆட்டத்தையும் சரிபண்ணிட்டு இருந்தது சிறுமூளைதான்னு சொன்னதும் அவ திரும்ப திரும்ப நின்னு பாத்துட்டே இருந்தா.

நெத்திக்கு பின்னாடி இருக்கற பகுதிதான் யோசிக்க, ஆசைய அடக்க. நான் ஒருதடவ தட்டுனா நீ ரெண்டு தட்டு, ரெண்டு தட்டுனா தட்டவே கூடாதுன்னு விளையாடுங்க, தட்ட வந்த கை பாதில நிக்கும் பாருங்க, அதான் அந்த பகுதியோட வேலை. கொஞ்சம் பெரிய பிள்ளைங்கன்னா, 1848ல அமெரிக்கால ரயில் பாதை வேலை செஞ்ச ஃபினியஸ் கேஜ் கதைய சொல்லலாம், இரும்புக்கம்பி முன்பக்க மூளைய துளைச்சும் பொழைச்சாரு, ஆனா குணம் மாறிடுச்சுன்னு கூட இருந்தவங்களே சொன்னாங்க.

இடது மூளை கணக்கு, வலது மூளை ஆர்ட்டுன்னு மட்டும் தயவுசெஞ்சு பிரிக்காதீங்க, எல்லாரும் ரெண்டையும் சேத்துதான் யூஸ் பண்றோம்.