பணியாரக் கல்லில் மசால் வடை: மூடி எப்போது, தீ எவ்வளவு

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நாலு மணி டீயோடு மசால் வடை இருந்தாக வேண்டும். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அன்றோடு நின்றது வடைதான். மூன்று நாள் பேசாமல் பிஸ்கட் சாப்பிட்டார். நாலாம் நாள் டீயை மட்டும் குடித்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பரணில் கிடந்த பணியாரக் கல்லை இறக்கினேன். வடை என்று சொல்லும்படி ஒன்று வர ஆறு தடவை ஆனது. எந்த இடத்தில் தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தேவையானவை (சுமார் 20 வடைக்கு)

கடலைப்பருப்பு 1 கப் (200 கிராம்), காய்ந்த மிளகாய் 4, சோம்பு 1 டீஸ்பூன், பூண்டு 5 பல், இஞ்சி ஒரு துண்டு, பட்டை சின்னதாக ஒன்று, பெரிய வெங்காயம் 1, கறிவேப்பிலை, புதினா, உப்பு. எண்ணெய் மொத்தம் 7 டீஸ்பூன், அதாவது 35 மில்லி. எனக்குக் கடலெண்ணெய்தான் பிடிக்கும். வடையின் வாசனையில் பாதி அதிலிருந்து வருகிறது.

பருப்பு

2 மணி நேரம் ஊறினால் போதும். நகத்தால் கிள்ளினால் பட்டென்று இரண்டாக உடைய வேண்டும். மாவாக நசுங்கினால் அதிகம் ஊறிவிட்டது என்று அர்த்தம். ஊறியதை வடிதட்டில் 15 நிமிடம் வைத்து, பிறகு ஒரு பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். எண்ணெய்ச் சட்டியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளித்துவிடலாம். கல்லில் முடியாது, குழியோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கைப்பிடி பருப்பை முழுதாகத் தனியே எடுத்து வையுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் மிளகாய், சோம்பு, பட்டை, இஞ்சி, பூண்டை முதலில் அரைத்துவிட்டு, பருப்பை இரண்டு மூன்று தடவையாகப் போட்டு விப்பர் பட்டனில் விட்டு விட்டு அரைக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். பெரிய ஜாரில் போட்டால் அடியில் மையாகவும் மேலே முழுதாகவும் நிற்கும். அரைத்ததைப் பிடித்துப் பார்த்து உருண்டை உதிர்ந்தால், ஒரு கரண்டி மட்டும் எடுத்து இன்னும் நைசாக அரைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலை மாவு சேர்க்கச் சொல்லுவார்கள். நான் சேர்ப்பதில்லை, அது வடையைக் கெட்டியாக்கிவிடுகிறது.

முழுப் பருப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, புதினா எல்லாம் சேர்த்துப் பிசையுங்கள். உப்பை மட்டும் கல்லை அடுப்பில் ஏற்றிய பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டு, துணியில் ஒற்றி எடுத்த வேலை வீணாகிவிடும்.

கல்

வார்ப்பிரும்புக் கல்தான் என் தேர்வு. காய நேரம் எடுக்கும், தூக்கக் கனம், ஆனால் சூடு பிடித்துவிட்டால் இறங்காது. வடையின் மொறுமொறுப்புக்கு அந்தச் சூடு வேண்டும். நான்ஸ்டிக்கில் ஒட்டாது என்பது உண்மை, நிறமும் வரும், ஆனால் மேல் ஓடு மெல்லியதாகத்தான் நிற்கிறது. இரும்புக் கல்லைப் புதிதாக வாங்கியவர்கள் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தடவிச் சூடுகாட்டிப் பழக்கிய பிறகே வடைக்கு எடுங்கள்.

மூடி

என்னை ஐந்து தடவை தோற்கடித்தது இதுதான். முதல் நாள் பணியாரம் போலவே முழு உருண்டையாகக் குழி நிறையப் போட்டேன். வெளியே கறுத்துவிட்டது, பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சைப் பருப்பு. அடுத்த நாள் மூடி வைத்து வேகவிட்டேன். உள்ளே வெந்தது, ஆனால் இட்லி மாதிரி வெளுத்து, மேலே ஈரம் கோத்திருந்தது. அப்பா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டாவதை எடுக்கவில்லை.

சட்டியில் பொரியும்போது வடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சூடான எண்ணெய் இருக்கிறது. குழியில் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. மேல்பாதி வேக ஆவி வேண்டும், ஓடு கட்ட ஆவி போக வேண்டும். ஒரே வடைக்கு இரண்டும் தேவை என்பதால், முதல் பாதி மூடியோடு, மறுபாதி மூடி இல்லாமல். இது பிடிபட்ட பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

செய்யும் விதம் இப்படி: நெல்லிக்காய் அளவு உருட்டி, உள்ளங்கையில் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. குழியில் முக்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது. கல் நன்றாகக் காய்ந்ததும் குழிக்குக் கால் டீஸ்பூன் எண்ணெய் விட்டு வடையை வையுங்கள். சொய் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கல் இன்னும் காயவில்லை. தீயைச் சிம்முக்குச் சற்று மேலே வைத்து 4 நிமிடம் மூடுங்கள். திறக்கும்போது மூடியைச் சாய்க்காமல் நேராகத் தூக்கி அப்படியே பக்கத்துக்குக் கொண்டுபோய்த் துடையுங்கள். அதில் கோத்திருக்கும் தண்ணீர் வடைமேல் சொட்டினால் அந்த இடம் கடைசிவரை மொறுமொறுப்பாகாது.

இப்போது கம்பியால் ஓரத்தை நெம்பித் திருப்புங்கள். நெம்பும்போது பிடித்து இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், ஓடு கட்டியதும் தானே விட்டுக்கொடுக்கும். திருப்பியதும் சுற்றிச் சில சொட்டு எண்ணெய், மூடி இல்லாமல் 5 நிமிடம். கடைசியாக மறுபடி திருப்பி ஒரு நிமிடம். நடுக்குழி எப்போதும் முந்திக்கொள்ளும், அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்க் கணக்கு

வடைக்குள் போகும் எண்ணெயைவிட எனக்குக் கவலை சட்டியில் மிஞ்சும் எண்ணெய்தான். கால் லிட்டருக்கு மேல் ஊற்றிப் பொரித்துவிட்டு, மனசு வராமல் மூடிவைத்து, மறுநாள் தாளிப்புக்கும் அடுத்த வாரம் அப்பளத்துக்கும் எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. திரும்பத் திரும்பச் சூடாக்கினால் எண்ணெய் சிதைந்து துருவச் சேர்மங்கள் கூடுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. கல்லில் செய்தால் மிச்ச எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

உளுந்து வடைக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். பணியாரம் போல ஆகிவிடுகிறது. தயிர் வடைக்கு மட்டும் அப்படிச் செய்து ஊறவைக்கலாம், வித்தியாசமே தெரியாது. பண்டிகைக்கு உளுந்து வடையைப் புது எண்ணெயில், வேண்டிய அளவுக்கு மட்டும் பொரித்துக்கொள்வோம்.

பின்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் எழுதியதில் இரண்டு விஷயம் நான் யோசிக்காதவை.

ஆறியதும் கல் மாதிரி இறுகுகிறது என்றார் ஒருவர். எண்ணெய் குறைவதால் வருவது இது. ஒரு பிடி முருங்கைக்கீரையோ பொடியாக நறுக்கிய வாழைப்பூவோ சேர்த்தால் உள்ளே மெத்தென்று நிற்கிறது. நானும் இப்போது கீரை இல்லாமல் செய்வதில்லை. ஆறியதை மைக்ரோவேவில் வைக்காமல், வெறும் கல்லில் 2 நிமிடம் புரட்டிச் சுடவையுங்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பில் கல் சூடாகவே இல்லை என்றார் இன்னொருவர். அலுமினியக் கல்லாக இருந்தால் சூடாகாது. கல்லின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டி, அடியும் தட்டையாக இருந்தால் வேலை செய்யும். ஒட்டாவிட்டால் கேஸ் அடுப்புதான்.