தும்பால் செம்பைப் பிடிப்போம்: புதியவர்களுக்கான செய்முறை

கொழும்புக் குழாய்களில் வரும் நீரின் பெரும்பங்கு, களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படுவது. அதே ஆற்றுப் படுகையில்தான் பியகமத் தொழில் வலயமும் இருக்கிறது. கழிவுநீரிலுள்ள பார உலோகத்தை நீக்கும் வழியை உயர்தர மாணவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

தென்னந்தும்பில் உள்ள செலுலோசு இயற்கைப் பல்பகுதியம், அதாவது சிறு அலகுகள் தொடராகக் கோர்த்த நீண்ட மூலக்கூறு. அது தானாகவே கொஞ்சம் உலோகத்தைப் பிடிக்கும். சித்திரிக் அமிலத்தோடு சூடாக்கினால் அந்த அமிலம் செலுலோசோடு பிணைந்து, காபொட்சிலிக் (–COOH) கூட்டங்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செப்பு அயன்களைப் பற்றுவது அவைதான்.

10 கிராம் தும்பைப் பொடியாக வெட்டி, சாயம் இறங்குவது நிற்கும்வரை வெந்நீரில் அலசுங்கள். பழுப்புநிறம் மிஞ்சினால் பிறகு சோதனையில் கண் ஏமாறும். அடுத்து, 100 மில்லிலீற்றர் நீரில் 12 கிராம் சித்திரிக் அமிலத்தைக் கரைத்து, தும்பை அதில் ஊறவிடுங்கள். 60 பாகையில் உலர்த்தி, அப்புறம் ஓவனில் 120 பாகையில் இரண்டு மூன்று மணிநேரம் வையுங்கள். சூடு கூடினால் கருகிவிடும், பக்கத்திலேயே இருங்கள்.

ஆறியதும் மிஞ்சிய அமிலம் போகக் கழுவி, அப்பச்சோடாக் கரைசலில் சற்று ஊறவைத்து, மறுபடியும் நன்றாகக் கழுவுங்கள். பலரும் அவசரப்படும் இடம் இதுதான். சோடா மிஞ்சினால், பிறகு தும்பைப் போடும் செப்பு நீரின் பிஎச் (அமில, கார அளவு) 6ஐத் தாண்டும். செம்பு தானே வீழ்படிவாகி அடியில் தங்கிவிடும், தும்பு பிடித்தது என்று நாம் நம்பிவிடுவோம். சோதனையில் தும்பைப் போட்டதும், அந்த நீர் பிஎச் தாளில் 5க்கும் 6க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, சோதனை. கையுறை போட்டுக்கொண்டு, 1 லீற்றர் நீரில் 0.4 கிராம் மயில்துத்தத்தை (நீல நிறச் செப்பு சல்பேற்றுப் பளிங்கு) கரையுங்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் செம்பு இருக்கும். மூன்று போத்தல்களில் 100 மில்லிலீற்றர் வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் நம் தும்பு 1 கிராம், இன்னொன்றில் வெறுமனே கழுவிய தும்பு 1 கிராம். மூன்றாவதில் எதுவும் வேண்டாம். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் முடிவுக்கு மதிப்பே இல்லை. இரண்டு மணிநேரம் அவ்வப்போது குலுக்கி, வடித்து, காற்றோட்டமான இடத்தில் அமோனியா சில துளிகள் விடுங்கள். செம்பு மிஞ்சியிருந்தால் கருநீலம் தெரியும். போத்தலை வெள்ளைத் தாளின்மேல் வைத்து மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெளிவாகப் புலப்படும்.

நிறமே தெரியாவிட்டாலும் அந்த நீரைக் குடிக்கக்கூடாது. குடிநீரில் செம்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டி அளவு லீற்றருக்கு 2 மில்லிகிராம். அதை உறுதிசெய்ய ஆய்வுகூடக் கருவி வேண்டும். ஈயம், கட்மியம் இரண்டையும் வீட்டில் தொடவே வேண்டாம்.

செம்பேறிய தும்பைப் பூச்சாடியில் போடாதீர்கள். மூன்று போத்தல் நீரையும் கழிவுத் தும்பையும் மூடி, பெயர் எழுதி, பாடசாலை இரசாயன ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.