சங்கக் கிடங்கில் ‘தப்பிய விபத்து’ நோட்டு: தொடங்குவது எப்படி?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உரமும் பூச்சிமருந்தும் நெல்மூட்டையும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் இருக்கும். மூட்டை தூக்குபவர்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. வேலையில் காட்டும் அவசரத்துக்கு இதுதான் வேர். சுவரில் எச்சரிக்கைப் பலகை மாட்டுவதால் இது மாறாது. நடக்கப் பார்த்து, யாருக்கும் அடிபடாமல் தப்பிய விபத்துகளை எழுதி வைப்பதுதான் ‘தப்பிய விபத்து’ நோட்டு. அதைத் தொடங்கும் வழி இது.

1. முதலில் சுற்றிப் பாருங்கள். செயலாளர், எடை போடுபவர், மூட்டை தூக்குபவர் இருவர், அரை மணி நேரம் போதும். லாரி இறங்கும்போதே போங்கள், சும்மா கிடக்கும் கிடங்கில் ஒன்றும் தெரியாது. அட்டியின் (மூட்டை அடுக்கின்) அடிமூட்டையைக் கையால் அழுத்துங்கள். தரை ஈரம் ஏறி இளகியிருந்தால் அட்டி அந்தப் பக்கம்தான் சாயும். கீழே மரச்சட்டம் போட்டு, வரிசைக்கு வரிசை மூட்டையை மாற்றிப் பின்னலாக அடுக்க வேண்டும். எடுக்கும்போது மேலிருந்து படி படியாக. நடுவிலிருந்து உருவவே கூடாது.

2. சாமான்கள். மருந்து கையாள நைட்ரைல் கையுறை மட்டும் வாங்குங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி, மணிக்கணக்கில் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். துணி மாஸ்க் மருந்து ஆவியைத் தடுக்காது. வாடகைக்கு விடும் 16 லிட்டர் கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் அடித்துப் பாருங்கள். மூடி வாஷர் தேய்ந்திருந்தால் எடுத்துப் போகிறவர் முதுகு முழுக்க மருந்து வழியும். நான்கைந்து வாஷரும், நாசிலை (மருந்து பீச்சும் முனையை) தேய்க்கப் பழைய பல்துலக்கி ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். அடைத்த நாசிலை யாரும் வாயால் ஊதக்கூடாது.

3. நோட்டு. பெரும்பாலான சங்கங்கள் இங்கேதான் நின்றுபோகின்றன. நோட்டு தொங்கும், பக்கம் வெறுமையாக இருக்கும். எழுதினால் கூலி பிடிப்பார்கள், இல்லை அடுத்த லாரிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்.

எடைமேடை பக்கத்தில் 80 பக்க நோட்டைப் பேனாவோடு கயிற்றில் கட்டுங்கள். நான்கு கட்டம்: தேதி, இடம், என்ன நடக்கப் பார்த்தது, என்ன செய்தோம். பெயருக்குக் கட்டமே கூடாது. முதல் பதிவைச் செயலாளரே எழுத வேண்டும், அதுவும் தன் தவறை: ‘மருந்து அறைக் கதவு இரவு பூட்டப்படவில்லை. நானே விட்டுவிட்டேன். இரண்டாவது சாவி காவலரிடம் கொடுத்தாயிற்று.’ எழுதத் தெரியாதவர் சொல்வதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எடை போடுபவர் எழுதட்டும். நான்காவது கட்டம் ஏழு நாளுக்குள் நிரம்பியாக வேண்டும். பணம் இல்லையென்றால் ‘பணம் இல்லை, அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்’ என்றாவது எழுதுங்கள். இரண்டு வாரம் வெறுமையாக விட்டால் யாரும் அந்த நோட்டைத் தொட மாட்டார்கள்.

4. வாரம் ஒருநாள், முதல் லாரிக்கு முன் பத்து நிமிடம் நோட்டை உரக்கப் படியுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலி கொடுங்கள். கொடுக்காவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள், அவர்கள் மேல் தவறும் இல்லை.

5. மருந்து பட்டால். 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்தடித்தவருக்கு வியர்வை கொட்டுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா? ‘வெயில்’ என்று விடாதீர்கள். உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவும் லேபிளும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், சிகிச்சை அதைப் பொறுத்தது.

பின்சேர்க்கை: நெல்லில் பூச்சியைக் கொல்லப் புகைமூட்டும் மாத்திரை பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அலுமினியம் பாஸ்பைடு 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். அது உயிரைக் குடிக்கும் வாயு. புகைமூட்டும் வேலையைச் சங்க ஆட்களை வைத்துச் செய்யாதீர்கள், உரிமம் பெற்றவர்களை மட்டும் கூப்பிடுங்கள். வாடை இல்லை என்பதை நம்பி யாரும் உள்ளே போகக்கூடாது. வாயு அளவுமானியில் பார்த்து, அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகே பூட்டைத் திறவுங்கள். மிஞ்சிய சாம்பல் தூளிலும் வாயு இருக்கும், அதையும் அவர்களே எடுத்துப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.