போக்கர் சார்ட்டை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது மூடி வைப்பது

அட்லாண்டிக் சிட்டியில் 1-2 டாலர் நோ-லிமிட் மேசை, அதாவது முன்னால் இருக்கும் பணம் மொத்தத்தையும் ஒரே தடவையில் வைக்கலாம். என் முன்னால் 200 டாலர். எனக்கு வந்தது ஏஸ்-ஜாக், ஒன்று ஸ்பேட், ஒன்று டைமன். எந்த இரண்டு சீட்டோடு ஆடலாம் என்று கட்டம் போட்டுக் காட்டும் சார்ட் ஒன்றை மனப்பாடம் செய்திருந்தேன். அதில் அது பச்சைக் கட்டம், அதாவது ஆடலாம். ஒரு மணி நேரமாக ஒரு தடவைகூட ரெய்ஸ் செய்யாத (தொகையை ஏற்றாத) ஒரு பெரியவர் முதல் இருக்கையிலிருந்து 10 டாலர் வைத்தார். பச்சைக் கட்டம் என்ற தைரியத்தில் கால் செய்தேன், அதாவது அதே தொகையை வைத்தேன். ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) ஏஸ், 8, 3. அவர் 15 வைத்தார், கொடுத்தேன். டர்னில் (நான்காவது சீட்டு) 40, அதையும் கொடுத்தேன். ரிவரில் (கடைசிச் சீட்டு) மிச்சமிருந்த 135-ஐயும் கேட்டார். கையில் ஏஸ் ஜோடி இருக்கிறதே என்று அதையும் தள்ளினேன். அவரிடம் ஏஸ்-கிங். ஏஸ் ஜோடி இருவருக்கும் இருந்தது, துணைச் சீட்டில் அவர் கிங் என் ஜாக்கை அடித்தது.

சார்ட் பொய் சொல்லவில்லை. எனக்கு முன்னால் யாரும் பணம் வைக்காதபோது இந்தக் கையோடு உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். நான் அதனிடம் வேறு கேள்வியைக் கேட்டேன். அதற்குப் பிறகு வாங்கின சார்ட்டை விட்டுவிட்டு, எனக்கென்று ஒன்றை நானே எழுதிக்கொண்டேன். ஹோல்டெம் ஆடத் தெரிந்து, கையில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்று தடுமாறுகிறவர்கள் இதே வழியில் செய்து பார்க்கலாம்.

முதலில் கணக்கு. 52 சீட்டில் இரண்டை எடுக்க 1326 வழி உண்டு. ஸ்பேடா ஆட்டீனா என்று பார்க்காமல் வகை பிரித்தால் 169. அதனால்தான் சார்ட் 13-க்கு 13 கட்டமாக இருக்கிறது. குறுக்காக ஓடும் கோட்டில் 13 ஜோடிகள், ஒரு பக்கம் சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) 78, மறுபக்கம் ஆஃப்சூட் (வேறு வேறு சின்னம்) 78. பார்க்க எல்லாக் கட்டமும் ஒரே அளவு. ஆனால் ஜோடிக் கட்டம் ஒன்றில் 6 கைகள், சூட்டட்டில் 4, ஆஃப்சூட்டில் 12. ஏஸ்-ஜாக் ஆஃப்சூட்டைச் சேர்ப்பது மூன்று சூட்டட் கட்டங்களைச் சேர்ப்பதற்குச் சமம். சார்ட்டைப் பெரிதாக்கும்போது மனம் முதலில் ஆஃப்சூட் பக்கம்தான் போகும். பணம் ஒழுகுவதும் அங்கேதான்.

அடுத்தது இருக்கை. முதல் இருக்கை, நடு இருக்கை என்று பெயர் வைத்தால் ஒன்பது பேர் மேசைக்கும் ஆறு பேர் மேசைக்கும் குழப்பம் வரும். நான் ஒன்றைத்தான் எண்ணுகிறேன்: எனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச வேண்டும்? ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளுக்குப் பின்னால் 8 பேர். பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவருக்குப் பின்னால் 2 பேர்தான். எடிசன் ஊரில் ஒரு நண்பர் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி 25-50 சென்ட்டுக்கு நாங்கள் ஆறு பேர் உட்காருவோம். அங்கே முதல் ஆளுக்கே பின்னால் 5 பேர்தான். இப்படி எண்ணினால் ஒரே சார்ட் இரண்டு மேசைக்கும் பொருந்தும்.

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்? அதே ஏஸ்-ஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தெளிவாக முந்தி நிற்கும் கைகள் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, க்வீன் ஜோடி, ஜாக் ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-க்வீன். என்னிடம் ஒரு ஏஸும் ஒரு ஜாக்கும் இருப்பதைக் கழித்தால், எதிராளிக்கு வரக்கூடிய 1225 கைகளில் இவை 42. ஒரு ஆளிடம் இருக்க வாய்ப்பு 3.4 சதவீதம்தான். ஆனால் பின்னால் 8 பேர் இருந்தால் அவர்களில் யாரோ ஒருவரிடமாவது இருக்க ஏறக்குறைய 24 சதவீதம். 2 பேர் என்றால் 7 சதவீதத்துக்கும் குறைவு. சீட்டு அதேதான், நான் உட்கார்ந்த இடம்தான் வேறு. இதைத் தாளில் நானே போட்டுப் பார்த்த பிறகுதான் இருக்கை என்ற விஷயம் மண்டையில் ஏறியது.

என் சார்ட்டில் பின்னால் 8 பேர் என்ற வரி இவ்வளவுதான்: 7 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-10 சூட்டட்டும் மேலும், ஏஸ்-க்வீன், ஏஸ்-கிங் ஆஃப்சூட், கிங்-க்வீன், கிங்-ஜாக், க்வீன்-ஜாக் சூட்டட். எண்ணிப் பாருங்கள், சரியாக 100 கைகள். 1326-ல் நூற்றுக்கு ஏழரை. மீதியெல்லாம் கீழே போக வேண்டும். பின்னால் 5 பேர் என்றால் எல்லா ஜோடியும், ஏஸோடு வரும் எல்லா சூட்டட்டும், ஏஸ்-ஜாக், கிங்-க்வீன் ஆஃப்சூட்டும், ஜாக்-10, 10-9 சூட்டட்டும் சேரும். பட்டனில் தாராளமாக விரிக்கலாம், மொத்தக் கைகளில் 40 சதவீதம் வரைகூட. 169 கட்டத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் எல்லைக் கையை மட்டும் பிடியுங்கள்: எந்த ஜோடி வரை, எந்த சூட்டட் ஏஸ் வரை, எந்த ஆஃப்சூட் வரை. இன்னொன்று, முதலில் உள்ளே போகிறவர் ரெய்ஸ் செய்தே போக வேண்டும். 1-2 மேசையில் நான் 8 வைப்பேன். சும்மா 2 டாலர் போட்டுப் பார்க்கலாம் என்ற கை, சார்ட்டில் இருக்க வேண்டிய கையே இல்லை.

இணையத்தில் கிடைக்கும் சார்ட்டை எடுப்பதானால், அது எந்த ஆட்டத்துக்குப் போட்டது என்று பாருங்கள். போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி கைகளை 8 குழுவாகப் பிரித்தது இன்றும் சுற்றி வருகிறது. அது லிமிட் ஆட்டத்துக்கானது, அதாவது ஒவ்வொரு பெட்டுக்கும் வரம்பு உண்டு. லிமிட்டில் ஏஸ்-ஜாக் தோற்றால் சில பெட்டுகளோடு போகும், நோ-லிமிட்டில் மேசையில் இருப்பது மொத்தமும் போகலாம்.

அப்படியானால் சார்ட் எவ்வளவு தூரம் உதவும்? சீட்டு வரும் முன்பே இரண்டு பேர் வைக்கும் கட்டாயத் தொகைகளில் சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். முன்னால் இருக்கும் பணத்தைப் பிக் பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். டோர்னமென்ட்டில் பிளைண்ட் 500-1000, உங்களிடம் 8000 என்றால் 8 வருகிறது. அந்த நிலையில் ஆல்-இன் (மொத்தமும் வைப்பது) அல்லது ஃபோல்ட் (கையைக் கீழே போடுவது), கிட்டத்தட்ட வேறு முடிவே கிடையாது. சார்ட்தான் கிட்டத்தட்ட முழு ஆட்டமும். 10 பிளைண்டோடு ஸ்மால் பிளைண்டில் இருக்கும்போது எல்லாரும் கையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டம் உங்களிடம் வந்தால், பாதிக்கும் மேற்பட்ட கைகளோடு தள்ளுவதுதான் கணக்குப்படி சரி. சார்ட் இல்லாமல் யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது. அதுவே 100 பிளைண்ட் இருந்தால் ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று மூன்று சுற்று முழுதாக மிச்சம். பெரிய பணம் அங்கேதான் நகரும், சார்ட்டோ வாசலோடு நின்றுவிடும்.

உங்களுக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டால் அந்த வரியை மூடிவிடுங்கள். அவர் எந்த இருக்கையிலிருந்து செய்தார், அந்த இருக்கையில் நானாக இருந்தால் எந்தக் கைகளோடு செய்திருப்பேன், அவற்றுக்கு எதிராக என் கை எப்படி என்று பாருங்கள். அந்தப் பெரியவரின் 10 டாலருக்கு எதிராக ஏஸ்-ஜாக்கைக் கீழே போட்டிருக்க வேண்டும். சின்ன ஜோடிகளுக்கு வேறு கணக்கு. ஃப்ளாப்பில் ஜோடியின் அதே எண்ணில் மூன்றாவது சீட்டு விழுவது எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான். மற்ற நேரத்தில் போகும் பணமும் அதில் திரும்பி வர வேண்டும். அதனால் கேட்ட தொகையைப் போல 15, 20 மடங்காவது இரண்டு பேரிடமும் இருந்தால்தான் கால் செய்வேன். 60 டாலரோடு உட்கார்ந்திருப்பவர் 10 வைத்தால் என் 4 ஜோடி கீழே போகும்.

பழக ஒரு காசு வேண்டாம். (இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டப்படி பணம் வைத்து நடத்தும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை என்பதையும் நினைவில் வையுங்கள்.) ஒரு சீட்டுக்கட்டும் ஒரு பகடையும் போதும். பகடையில் 6 விழுந்தால் பின்னால் 8 பேர், 5-க்கு 7 என்று இறங்கி, 1 விழுந்தால் பின்னால் 3 பேர். இரண்டு சீட்டை எடுத்து, ஆடுவேன் அல்லது போடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் சார்ட்டைப் பாருங்கள். சமையலறை மேசையில் தினமும் 50 கை, இரண்டு வாரம். பெரும்பாலும் 'போடுவேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் சார்ட்டை மீறினால், எந்த இருக்கை, எந்தக் கை, ஏன் மீறினேன் என்று மூன்றையும் அன்றிரவே நோட்டில் எழுதி வைக்கிறேன். 'ஏன்' என்ற இடத்தில் 'ரொம்ப நேரமாக நல்ல கையே வரவில்லை' என்று எழுத நேர்ந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இருக்கையில் சார்ட்டை ஒரு கட்டம்கூடத் தாண்டுவதில்லை.