"அதே சொட்டு விடலாமா?": குதிரைக்குக் கண் அழற்சி திரும்ப வரும்போது செய்யும் தவறுகள்

புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் போனில் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கன்னமெல்லாம் நீர் வடிய நிற்கும் குதிரை. கூடவே ஒரு வரி, "அண்ணே, மறுபடி வந்திருச்சு, அதே சொட்டு விடலாமா?" ஒரு காலத்தில் நானும் இதையே கேட்டுக்கொண்டிருந்தவன்தான். கண்ணில் வெற்றிலைச் சாறு துப்பாதே, விளக்கெண்ணெய் ஊற்றாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

இந்தக் கண் அழற்சிக்குப் பெயர் யுவைட்டிஸ். கண்ணுக்குள்ளே ரத்த நாளங்கள் நிறைந்த படலத்தில் வரும் அழற்சி இது. சில குதிரைகளில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தப் படலத்தை எதிரியாக நினைத்துவிடும். வாரங்களோ மாதங்களோ அடங்கிக் கிடந்து திரும்பத் தாக்கும். உலக அளவில் குதிரைகளுக்குப் பார்வை போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும் லெப்டோஸ்பைரா கிருமிக்கும் இதில் பங்கு உண்டு. லாயத்தில் எலி நடமாட்டம், குட்டைத் தண்ணீர் இரண்டையும் முதலில் கவனியுங்கள்.

பழைய பாட்டிலை எடுத்து விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். யுவைட்டிஸுக்கு டாக்டர் எழுதித்தரும் முக்கிய மருந்து ஸ்டீராய்டு சொட்டு, பெரும்பாலும் 1% ப்ரெட்னிசலோன் அசிடேட். உள்ளே இருக்கும் அழற்சியை அது அடக்கிவிடும். ஆனால் கருவிழியின் மேல்தோலில் கீறலோ புண்ணோ இருந்தால் அதே சொட்டு புண்ணை ஆறவிடாது. பாக்டீரியாவும் பூஞ்சையும் அங்கே குடியேற வழிவிடும். ஈரமும் வெக்கையும் உள்ள நம் ஊரில் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும்? முற்றிவிட்டால் ஓரிரு நாளில் கருவிழி கூழாகக் கரைந்துவிடும்.

தலைவலியே இங்கேதான். புண் வந்தாலும் குதிரை கண்ணை இடுக்கும், நீர் வடியும், வெளிச்சத்துக்குக் கூசும். யுவைட்டிஸ் வந்தாலும் அப்படியேதான். இரண்டு தடவை யுவைட்டிஸ் வந்த குதிரை மூன்றாவது தடவை சோளத்தட்டை குத்தி நிற்கக் கூடாதா என்ன?

தெரிந்தவர் ஒருவரின் மார்வாரி இனப் பெட்டைக் குதிரைக்கு அப்படித்தான் ஆனது. பழைய நோயாளி என்பதால் டாக்டரைக் கூப்பிடவில்லை, அலமாரியில் இருந்த பாட்டிலையே எடுத்து விட்டார். மறுநாள் கண் கொஞ்சம் திறந்தது. ஸ்டீராய்டு எரிச்சலைக் குறைக்கும், அதைப் பார்த்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்து கருவிழி நடுவில் மஞ்சளாக ஒரு திட்டு. "பூ விழுந்திருக்கு, போயிரும்" என்று சொட்டைக் கூட்டினார். டாக்டர் வந்தபோது கண்ணை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஃப்ளூரசின் தாள் என்று ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு நிற நுனியை இரண்டு சொட்டு சலைனில் நனைத்துக் கண்ணில் விட்டு, கழுவிவிட்டு, நீல வெளிச்சம் அடித்தால் புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக மின்னும். செலவும் அதிகமில்லை, நேரமும் சில நிமிஷம்தான். ஒவ்வொரு தாக்குதலுக்கும் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சை நடுவில் வலி கூடினாலும் மறுபடி செய்ய வேண்டும்.

"நான் ஸ்டீராய்டு விடல, வெறும் ஆன்டிபயாடிக்தான்" என்பார்கள். பாட்டிலை வாங்கிப் பாருங்கள். மருந்துப் பெயரின் வாலில் 'டி' என்று ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். அதுவும் ஸ்டீராய்டுதான்.

கண் திறந்ததும் மருந்தை நிறுத்துவது

வெளியே தெளிந்த பிறகும் உள்ளே அழற்சி மிச்சமிருக்கும். கண் அடங்கிய பிறகும் சில வாரங்கள், டாக்டர் சொன்ன கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டென்று நிறுத்திய குதிரைதான் அடுத்த மாதமே திரும்பி வரும். இதற்கு நேர்மாறாக, ஃப்ளூனிக்ஸின் வலி மருந்தை இஷ்டத்துக்கு நீட்டுபவர்களும் உண்டு. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கோடைக் குதிரைக்கு இன்னும் ஆபத்து.

அட்ரோபின் விட்டுவிட்டு லத்தியைப் பார்க்காதது

அட்ரோபின் கண் பாப்பாவை விரித்து, அது லென்ஸோடு ஒட்டிப்போகாமல் காக்கும். ஆனால் குடலையும் மந்தமாக்கும். லத்தி குறைந்தாலோ, கொள்ளுத் தீனியை மோந்துவிட்டுத் தின்னாமல் விட்டாலோ, வயிற்றைத் திரும்பிப் பார்த்தாலோ அடுத்த சொட்டு விடாமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். விரிந்த பாப்பா பல நாள் அப்படியே இருக்கும், வெயிலில் கட்டாதீர்கள். முகமூடி வலை போட்டால் ஈயும் மொய்க்காது.

நிலாவைப் பார்த்துக் கணக்குப் போடுவது

விட்டுவிட்டுத் திரும்ப வருவதால் இந்த நோயை நிலாவோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. அமாவாசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புழுவை மறந்துவிடுவது

மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருக்கிறதா? மாட்டின் வயிற்றறையில் வாழும் செட்டேரியா புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுவரும். வழி தப்பி கண்ணுக்குள் போனால், கருவிழிக்குப் பின்னால் வெள்ளை நூல் நெளிவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும். அதை அறுவை செய்து எடுக்க வேண்டும். அது தெரியாமல் மாதக்கணக்கில் சொட்டு விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும்போது சுழி மட்டும் பார்ப்பது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பாருங்கள், சுழிக்கு அரை மணி நேரம், பல்லுக்குப் பத்து நிமிஷம், கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. குதிரையை நிழலுக்குக் கொண்டுபோய் நேர் எதிரில் நின்று இரண்டு பக்க மேல் இமை முடியையும் ஒப்பிடுங்கள். வலி உள்ள கண்ணில் முடி கீழ்நோக்கிச் சாயும். பிறகு டார்ச். பாப்பாவின் மேல் விளிம்பில் கறுப்பு மணிகள் தொங்கும். அது நோய் இல்லை, இருக்க வேண்டியதுதான். ஒரு கண்ணில் மட்டும் அவை தேய்ந்து வழவழப்பாக இருந்தால், பாப்பாவின் ஓரம் பிசிறடித்திருந்தால், கண்ணே மற்றதைவிடச் சிறுத்திருந்தால், அது பலமுறை அழற்சி வந்துபோன கண். விற்பவர் "ஈ கடிச்சது" என்பார். விலையைக் குறைத்துக் கேட்பதா, கயிற்றைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.