11 விடுப்புகளை எதில் செலவழிப்பது? புதிய மாணவர்களுக்குப் படிப்பும் நட்பும்

பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதம் கண்ணில் படுவதெல்லாம் கிளப்களின் அழைப்புதான். நாடகம், நடனம், ரோபோ, தமிழ் மன்றம் என்று எல்லாமே இழுக்கும். நான் மூன்றில் பெயர் கொடுத்தேன். செமஸ்டர் முடிவதற்குள் மூன்றிலும் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கணித ஆசிரியருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது, வராதவன் என்று. அதன் பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு வேலூர் விஐடியின் முறையை வைத்துக்கொள்வோம். மற்ற இடங்களில் எண்கள் மாறலாம், கணக்குப் போடும் விதம் இதுதான்.

படி 1: சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்

விஐடியில் ஒரு பாடத்துக்கு கேட் 1, கேட் 2 என இரண்டு இடைத்தேர்வுகள், தலா 15 மதிப்பெண். ஃபேட் எனும் இறுதித் தேர்வுக்கு 40. மீதி 30, ஒப்படைப்புகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். பலர் கோட்டைவிடுவது இந்த 30-ஐத்தான். அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. செமஸ்டர் முழுக்கச் சில்லறையாகச் சிதறிக் கிடக்கும். தேர்வுத் தேதிகளோடு ஒப்படைப்புத் தேதிகளையும் தாளில் எழுதுங்கள். கிராவிடாஸ், ரிவேரா போன்ற விழா நாட்களை வேறு நிறத்தில் குறியுங்கள். இரண்டு நிறமும் நெருங்கும் வாரத்தில் எந்தப் பொறுப்பும் ஏற்க வேண்டாம்.

படி 2: விடுப்புகளை எண்ணுங்கள்

வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். ஒரு பாடத்துக்கு 45 வகுப்புகள் என்றால் 11 வகுப்புகளுக்குப் போகாமல் இருக்கலாம். பன்னிரண்டாவது உங்களைக் கீழே இறக்கிவிடும். இந்த 11-ஐக் கைச்செலவுப் பணம் போல நினையுங்கள். காய்ச்சலுக்கு 4, பண்டிகைக்கு ஊருக்குப் போக 3 என்று ஒதுக்கினால், நண்பர்களோடு விழாவுக்கோ ஏலகிரிக்கோ போக 4 மிஞ்சும். ஆனால் பெரும்பாலோர் அந்த நான்கையும் காலை எட்டு மணி வகுப்பின்போது போர்வைக்குள் கரைத்துவிடுகிறார்கள். பிறகு பழி நண்பர்கள் மேல்!

தவறிவிட்டால் மீள்வதற்கும் கணக்கு உண்டு: தவறவிட்ட ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று வகுப்புகளில் இருந்திருக்க வேண்டும். 30-இல் 10 போய்விட்டதா? இனி வரும் பத்து வகுப்புகளுக்கும் ஒன்று விடாமல் போனால்தான் 75-ஐத் தொடுவீர்கள். விழா வேலைக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) வாங்கித் தருவதாகச் சீனியர் சொன்னால், அது பதிவில் ஏறும் வரை விடுப்பாகவே எண்ணுங்கள்.

படி 3: ஒரே ஒரு கிளப்

முதல் ஆண்டில் ஒன்று போதும். அதன் கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும். ஸ்லாட்களை, அதாவது வகுப்பு நேரங்களை, நீங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போது இது உதவும்: பிற்பகல் வகுப்புகள் இரவு ஏழு மணி வரை நீளக்கூடியவை, ஒத்திகைக்கு நேரே குறுக்கே நிற்கும்.

படி 4: இடைவேளையைப் பிடியுங்கள்

இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு மணி நேரம் கேண்டீனில் தேநீரோடு ஆவியாகிவிடும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் அந்த நேரத்தில் நூலகத்துக்குப் போய் ஒப்படைப்பை முடியுங்கள். மற்ற நாட்களில் தேநீர் குடிக்கலாம், குற்றவுணர்வு வேண்டாம்.

படி 5: நேரம் சொல்லி மறுங்கள்

அறைத் தோழர்கள் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடும்போது "நான் வரவில்லை" என்று சொன்னால், நான்காவது முறை கூப்பிட மாட்டார்கள். "ஒன்பதரைக்கு வருகிறேன், எனக்கும் ஒரு தோசை சொல்லிவையுங்கள்" என்று சொல்லுங்கள். ஒன்பதரைக்கு உண்மையாகவே போய்விடுங்கள்.